செயலாளர் ஆண்டறிக்கை: ஊர்வலத்தைக் குறைத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பொதுக்குழு உறுப்பினர்களே, தொண்டர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது போதை ஒழிப்புச் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வழக்கமாக அறிக்கையோடு இணைக்கும் படங்கள் இம்முறை இல்லை. இந்த ஆண்டு செய்த வேலைகளில் பெரும்பாலானவை படம் எடுக்கக் கூடாதவை.

ஊர்வலம், சுவரொட்டி, உறுதிமொழி ஆகியவற்றுக்குப் போகும் ஆள்பலத்தை, போதைப் பழக்கத்தை விட முயல்பவரின் முதல் இரண்டு வாரங்களுக்கும் அதற்குப் பின்வரும் ஓராண்டுக்கும் திருப்புவது என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்தது. அதன்படியே நடந்தோம். ஐ.நா. பொதுச்சபை 1987இல் அறிவித்த சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26இல்கூட, பதாகை பிடிப்பதற்குப் பதிலாக முதலுதவிப் பயிற்சிதான் நடத்தினோம்.

"விட்டுவிடு" என்று சொல்வதற்கு முன்

உதவி கேட்டு வருபவரிடம் தொண்டர் கேட்க வேண்டியதை நான்கு கேள்விகளாகச் சுருக்கி அட்டையில் அச்சிட்டோம்: என்ன பொருள், நாளொன்றுக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது, கூடவே வேறு என்ன? "ஏன் தொடங்கினீர்கள்" என்பது அட்டையில் இல்லை. முதல் நாளிலேயே அதைக் கேட்டால் வாக்குமூலம் வாங்குவது போலாகிவிடும். பிறகு நான்காவது கேள்விக்கு உண்மையான பதில் வராது. ஆபத்து பெரும்பாலும் அந்த நான்காவது கேள்வியில்தான் ஒளிந்திருக்கிறது. மதுவோடு தூக்க மாத்திரையோ, தூக்க மாத்திரையோடு அபின் வகைப் பொருளோ சேரும்போது மூச்சு அடங்கிப்போகும்.

எல்லோரையும் ஒரே வழியில் அனுப்பியது நமது பழைய தவறு. "மன உறுதி இருந்தால் இன்றே நிறுத்தலாம்" என்று நம் மேடைகளிலேயே பேசியிருக்கிறோம். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் அந்தப் பேச்சை நம்பி ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்? 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும், இல்லாததைப் பார்ப்பதும் வந்தால் உயிருக்கே ஆபத்து. முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், வேறு நோய் உள்ளவர், தனியாக வசிப்பவர் ஆகியோர் வீட்டில் நிறுத்த முயலவே கூடாது. உடன் செல்லும் தொண்டர், "நீண்ட நாள் குடித்தவர், சரியாகச் சாப்பிடாதவர்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். தயாமின் (வைட்டமின் பி1) குறைந்த உடலில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு முற்றக்கூடும்.

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை ஆகியவற்றில் டயஸிபாம், அல்பிரசோலம் போன்றவையும் இதே கதைதான். சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட. மகன் தூங்கியபின் மாத்திரை அட்டையைக் குப்பையில் வீசும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதே தனி வேலையாக இருந்தது.

ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களில் கணக்கு வேறு. விலகல் வேதனை (பொருளை நிறுத்தியதும் உடலில் எழும் துன்பம்) 8 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி 4 முதல் 10 நாள் வரை நீடிக்கும்: வயிற்றுப்போக்கு, வாந்தி, உடம்பு முறிக்கும் வலி. நீர்ச்சத்து வற்றாமல் பார்த்துக்கொண்டால் இந்த வேதனை பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. சில வாரங்களில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். மறுபடி தொடுபவர் கை பழைய அளவைத்தான் எடுக்கும். உடல் அதைத் தாங்காது. மறுவாழ்வு மையத்திலிருந்தும் சிறையிலிருந்தும் வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் மரண அபாயம் மிக அதிகம் என்பது உறுதியாகத் தெரிந்த உண்மை. மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்துச் சிகிச்சை இந்த அபாயத்தை வெகுவாகக் குறைக்கிறது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா" என்று நம் உறுப்பினர்களே கேட்கிறார்கள். அளவும் நேரமும் மருத்துவர் கையில் இருக்கும் மருந்தையும், என்ன கலந்தது என்றே தெரியாத தூளையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதே நிர்வாகக் குழுவின் பதில். ஒரு எச்சரிக்கை மட்டும்: பியூப்ரினார்ஃபினை விலகல் அறிகுறி தெளிவாகத் தெரிந்தபின்தான் தொடங்க வேண்டும். குறுகிய நேரம் வேலை செய்யும் பொருளாக இருந்தால் குறைந்தது 12 மணி நேரம் போக வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகக் கொடுத்தால், அந்த மாத்திரையே கடும் விலகலைக் கிளப்பிவிடும். அந்த ஆள் பிறகு அந்தச் சிகிச்சைப் பக்கமே திரும்ப மாட்டார்.

மெத்தாம்பெட்டமைன் போன்ற கிளர்ச்சிப் பொருள்களை விட்டவர் முதல் சில நாள் தூங்குவார், சாப்பிடுவார். வீட்டார் நிம்மதி அடைவார்கள். கடும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரக்கூடிய நாட்களும் இவையே. ஆகவே இவர்களைத் தனியாக விடாதிருக்க வேண்டும்.

பசை, தின்னர் முகரும் சிறுவர்களைக் கண்டால் துரத்தக் கூடாது, திடுக்கிட வைக்கவும் கூடாது. கரைப்பான் ஆவி இதயத்தை அதிர்ச்சிக்கு ஆளாகும் நிலையில் வைத்திருக்கும். அப்போது பயந்து ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். முதல்முறை முகர்பவருக்கும் இது நேரலாம். மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள்.

மூச்சு நின்றால்

ஆண்டு முழுவதும் அதிக முறை நடத்திய பயிற்சி இது. அபின் வகைப் பொருள் அளவு மீறியதற்கு மூன்று அடையாளங்கள்: எழுப்பினால் எழாமை, மூச்சு மிக மெதுவாவது அல்லது நிற்பது, கண்மணி ஊசிமுனை போல் சுருங்குவது. உதடு நீலமாகும், தொண்டையில் கரகரவென்ற ஒலி வரும். அதைக் குறட்டை என்று எண்ணிப் போர்வை போர்த்திவிட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

செய்ய வேண்டிய வரிசை இது. உரக்கக் கூப்பிட்டு, விரல் முட்டியால் நெஞ்செலும்பைத் தேயுங்கள். அசைவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழைத்து, "ஆள் எழவில்லை, மூச்சு வரவில்லை" என்று முதலில் சொல்லி, பிறகு இடத்தைச் சொல்லுங்கள். அபின் வகைப் பொருளின் விளைவை முறிக்கும் நலோக்சோன் ஸ்ப்ரே கையில் இருந்தால் ஒரு நாசித் துளையில் ஒரு முறை. பரவலாகக் கிடைக்கும் ஸ்ப்ரேயில் ஓர் அழுத்தலுக்கு 4 மில்லிகிராம். முன்கூட்டியே அழுத்திச் சோதித்துப் பார்க்காதீர்கள், ஒரு ஸ்ப்ரேயில் ஒரே அழுத்தல்தான் உண்டு. பிறகு தலையைப் பின்சாய்த்து, மூக்கைப் பொத்தி, 5 அல்லது 6 விநாடிக்கு ஒரு மூச்சு வீதம் கொடுங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லை என்றால் அடுத்த ஸ்ப்ரேயை மற்ற துளையில். நாடித்துடிப்பே இல்லையென்றால் 30 நெஞ்சழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், 5 முதல் 6 செ.மீ. ஆழம். மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

எழுந்தவர் கோபத்தோடு எழுவார். மருந்து விலகலைத் தூண்டிவிட்டது என்று பொருள். "சரியாகிவிட்டது, போகிறேன்" என்பார். விடாதீர்கள். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடமே வேலை செய்யும். உடலிலுள்ள பொருள் அதைவிட நீண்ட நேரம் இருந்தால் மூச்சு மறுபடி நிற்கும். மதுவுக்கும் தூக்க மாத்திரைக்கும் இந்த மருந்து பயன்படாது. ஆனால் தெரியாமல் கொடுத்துவிட்டாலும் கெடுதல் இல்லை. உப்புத் தண்ணீர் புகட்டுவது, குளிர்ந்த நீரில் அமுக்குவது, அறைவது எல்லாம் நேரத்தைத் தின்னும். புகட்டிய நீர் நுரையீரலுக்குள் போகும்.

கிடக்கும் ஊசியை எடுக்கவும் தனிப்பயிற்சி தந்தோம். மூடியைத் திரும்பப் போடக் கூடாது. இடுக்கியால் எடுத்து, கனமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். ஊசி குத்திவிட்டால் பிசையாமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது.

வீட்டார்

கெஞ்சுவது, மிரட்டுவது, உறவினரைக் கூட்டி வைத்து நெருக்குவது எனக் குடும்பங்கள் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் வருகின்றன. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய குடும்பப் பயிற்சி முறையை இந்த ஆண்டு பின்பற்றத் தொடங்கினோம். சிகிச்சைக்கு மறுத்த குடிநோயாளிகளின் குடும்பங்களிடம் 1999இல் வெளியான ஆய்வில், இந்த முறையில் 64 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வந்தனர். கூட்டி வைத்து நெருக்கும் முறையில் 30 விழுக்காடுதான். சாரம் எளிது: தெளிவாக இருக்கும் நேரத்தில் அன்பும் பேச்சும் சாப்பாடும், போதையில் இருக்கும்போது சண்டையுமில்லை, சேவையுமில்லை. வாந்தியைத் துடைத்துவிடுவதும், வேலையிடத்துக்குப் பொய் சொல்வதும் நிற்க வேண்டும். சிகிச்சைப் பேச்சை அவரே வருந்தும் நேரத்தில் எடுக்க வேண்டும். மருத்துவமனை இடம் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். "அடுத்த வாரம் போகலாம்" என்றால் அந்த மனம் மாறிவிடும். அடி உதை நடக்கும் வீட்டில் முதலில் பாதுகாப்பு, பிறகே இந்த முறை.

உணவில் தெரியாமல் கலக்கும் "குடி மறக்கும் மருந்து" பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். அதில் டைசல்பிராம் இருந்தால், அறியாமல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பழுதுபட்டவராக இருந்தால் இறக்கவும்கூடும். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அந்த விளைவு இருக்கலாம். சம்மதத்தோடும் மருத்துவர் கண்காணிப்போடும் மட்டுமே அது மருந்து.

வீட்டில் திருட்டுத்தனமாகச் சிறுநீர்ச் சோதனை செய்வதையும் ஊக்குவிக்கவில்லை. தொடர்ந்து கஞ்சா புகைத்தவருக்கு விட்டபிறகும் ஒரு மாதம் வரை அடையாளம் தெரியலாம். நேர்மையாக விட்டவன் பொய்யனாவான். சாதாரண அபின் சோதனைப் பட்டையில் ஃபென்டனில் என்ற செயற்கை அபின் வகைப் பொருள் தெரியாது. சளி மருந்திலுள்ள சூடோஎஃபெட்ரின் ஆம்பெட்டமைன் போலக் காட்டக்கூடும்.

பள்ளிகள்

1983இல் லாஸ் ஏஞ்சலஸில் காவலர்கள் வகுப்பெடுக்கத் தொடங்கிய திட்டம் உலகெங்கும் பரவியது. பின்னாளைய மதிப்பீடுகளில் நீடித்த பயன் எதுவும் தெரியவில்லை. அச்சுறுத்தும் படங்களும் மீண்டவரின் மேடை அனுபவ உரையும் பலன் தருவதில்லை என்று ஐ.நா.வின் தடுப்புத் தரநெறிகளும் சொல்கின்றன. நமது பேச்சாளர் பட்டியலைக் கலைத்தது சிலருக்கு மனவருத்தம். அதற்குப் பதிலாக, பயிற்சி பெற்ற ஆசிரியர் வாரம் ஒன்றாக 10 முதல் 15 அமர்வுகள் நடத்துவது, நண்பன் நீட்டும்போது மறுப்பதைச் செய்து பழக வைப்பது, மறு ஆண்டு நினைவூட்டல் அமர்வு வைப்பது என மாறினோம். "எல்லோரும்தான் செய்கிறார்கள்" என்ற எண்ணத்தை உடைப்பதே இதில் முக்கியம். பெரும்பாலான மாணவர்கள் தொடுவதே இல்லை.

சரியாக நடக்காதவை

மையத்திலிருந்து திரும்பியவரை 1, 3, 7, 14ஆம் நாட்களில் பார்ப்பது, பிறகு 3 மாதம் வாரம் ஒருமுறை, அதன்பின் ஓராண்டுவரை மாதம் ஒருமுறை என்பது நமது அட்டவணை. முதல் மாதம் ஒழுங்காக நடக்கிறது; அதன்பின் தொண்டர்கள் தளர்கிறார்கள். மறுபடி தொட்டவர் வெட்கத்தில் கதவைத் திறப்பதில்லை. தொண்டரும் தன் தோல்வியாக எண்ணி ஒதுங்குகிறார். மறுபடி தொடங்குவது இந்த நோயின் இயல்பு, இனி வருகைப் பதிவேட்டில் "தோல்வி" என்ற கட்டம் இருக்காது.

பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். சங்கக் கட்டடத்தின் வாசலில் நிற்பதைப் பார்த்தாலே பேச்சு கிளம்பும் என்ற அச்சம் காரணம். பெண் தொண்டர்கள் வேறிடத்தில் சந்திக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

போதைப்பொருள் விற்பவர் பற்றிய தகவலை, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் தொடர்பணித் தொண்டர் மூலம் காவல்துறைக்கு அனுப்பும் வழக்கம் நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள் வருபவர் துப்புச் சொல்பவர் என்று ஒருமுறை பேர் வந்தால் அந்தத் தெருவில் ஒரு கதவும் திறக்காது. பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் மட்டும். பெயர்ப் பட்டியல் பூட்டிய பெட்டியில், சாவி இருவரிடம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று: நலோக்சோன் பெட்டிகளின் காலாவதித் தேதியை மாதந்தோறும் பார்க்க ஒருவரை நியமித்தல், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பெட்டியை வைக்கும் வழக்கத்தை நிறுத்துதல், நான்காம் மாதத்திலிருந்து தொண்டர்களை மாற்றி அனுப்புதல். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்