ஊமலைக் கொளுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பனங்கிழங்கு கிண்டும் காலத்தில் பாத்திக்கரையெல்லாம் ஊமல், அதாவது கிழங்கு முளைத்தபின் எஞ்சும் பனங்கொட்டை ஓடு, குவிகிறது. கிழங்கை அவித்தும், பச்சையாகக் காயவைத்து ஒடியலாக்கியும் விற்றுவிடுகிறோம். ஊமலைக் குப்பையோடு கொளுத்திவிடுகிறோம். முன்னர் பொற்கொல்லர் பட்டறையிலும் ஸ்திரிக்கைப் பெட்டியிலும் கனன்றது ஊமற்கரிதான். இன்று அதைவிடப் பெரிய பயன் அதற்கு உண்டு.

காற்றுப் புகாமல் 400 முதல் 600 பாகை செல்சியஸில் சுட்டால் ஊமல் கரியாகும். அந்தக் கரியை 800 பாகைக்கு மேல் நீராவியில் வாட்டினால் உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் திறக்கும். பல துளைகள் 2 நனோமீற்றரிலும் சிறியவை. இப்படி நன்கு பக்குவப்பட்ட கரி ஒரு கிராமுக்குள் 1000 சதுர மீற்றர் அளவு பரப்பைக்கூட வைத்திருக்கும். யாழ்ப்பாணக் காணி அளவையில் சொன்னால் நாலு ‘பரப்பு’! நீரிலுள்ள நிறம், நாற்றம், குளோரின், எண்ணெய்த்தன்மையான மாசுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்று நாம் பட்ட அச்சத்தை மறந்துவிடவில்லைத்தானே?

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் நம் கிணறுகளில் சேரும் நைத்திரேற்றையோ, சுண்ணக்கல் தரும் நீரின் வன்மையையோ இந்தக் கரி நீக்காது. எல்லாவற்றையும் நீக்கும் என்று சொல்லி வடிகட்டி விற்பது மக்களை ஏமாற்றும் வேலை.

ஊமலைப் பொசுபரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுடும் முறையும் உண்டு. வெப்பம் குறைவாகப் போதும். என்றாலும் யாழ் குடாநாட்டுக்கு அது வேண்டாம் என்பேன். கரியைக் கழுவி ஊற்றும் அமில நீர் நமது வெடிப்புள்ள சுண்ணக்கல்லினூடே விரைவில் நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும். நீராவி முறையே நமக்கு ஏற்றது. சூளையில் எழும் புகையையும் அதே அடுப்பில் எரித்துவிட வேண்டும்; அயலவர் இருமக்கூடாது.

சிரட்டையிலிருந்து இத்தகைய கரியைச் செய்து இலங்கை நெடுங்காலமாக ஏற்றுமதி செய்கிறது. பனங்கொட்டை ஓட்டிலும் செய்யலாம் என்று இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறையும் சேர்ந்து ஒரு மாதிரிச் சூளையை அமைக்கவேண்டும். கிழங்குக் காலத்தில் ஊர்தோறும் ஊமலை மூடைக்கணக்கில் விலைகொடுத்து வாங்கவேண்டும். அந்தக் கரி எதை நீக்குகிறது, எதை நீக்கவில்லை என்ற பரிசோதனை முடிவுகளைத் தமிழில் உங்கள் பத்திரிகையிலேயே வெளியிடவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சாவகச்சேரி