கதை எதிர்ப்பக்கத்தில் இருந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஹம்சா என்ற வீரரின் சாகசக் கதைகளைச் சொல்லும், அக்பர் காலத்து 'ஹம்சா நாமா' என்ற படநூலிலிருந்து ஓவியம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். கடலில் மூழ்கும் இளவரசன் நூருத்தஹரை இலியாஸ் நபி காப்பாற்றும் காட்சி, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பது. நல்ல தேர்வு. ஆனால் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியதில், சுழித்துப் புரளும் தண்ணீர் எது, கரையில் மண்டிக்கிடக்கும் மரம் எது என்றே தெரியவில்லை. அந்த ஏடுகள் ஏறக்குறைய 67 செ.மீ. உயரம், 51 செ.மீ. அகலம். அளவையாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். 'இக்காட்சியின் கதை படத்தின் பின்புறம் எழுதப்பட்டுள்ளது' என்று குறிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். பைண்டிங் தொழிலிலேயே காலம் தள்ளியவன் என்பதால் அங்கேதான் கண் நின்றது. ஹம்சா நாமாவில் துணியில் படம், மறுபக்கம் ஒட்டிய காகிதத்தில் பாரசீக எழுத்து. அதுவரை சரி. ஆனால் பெரும்பாலான இடங்களில், விரித்தால் ஒரு பக்கம் கதையும் எதிர்ப்பக்கம் அதற்கான படமும் வரும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு படத்தின் கதை அதன் முதுகில் இருக்காது, பக்கத்து ஏட்டின் முதுகில்தான் இருக்கும்.

மீர் சையது அலி, அப்துஸ் சமது என்ற ஈரானிய ஓவியர்களின் மேற்பார்வையில் 1562 வாக்கில் தொடங்கி சுமார் 15 வருஷம் நடந்த வேலை இது. 14 தொகுதி, 1400 படம். தொகுதிக்கு நூறு ஏடு என்றால், துணியும் காகிதமும் சேர்ந்த அந்தக் கட்டை ஒரு ஆள் தூக்க முடியாது!

இன்று மிஞ்சியவை 200-க்கும் குறைவு. 60 ஏடுகள் வியன்னாவில், 1873 உலகக் கண்காட்சியின்போது வாங்கியவை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்கு வந்தவற்றில் பல, 1881-இல் ஸ்ரீநகரில் ஜன்னல் அடைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தவை. வெறும் காகிதமாக இருந்தால் ஒரு பனிக்காலம்கூடத் தாங்கியிருக்காது என்பது என் கணிப்பு. சில ஏடுகளில் யாரோ முகங்களை மட்டும் தேடித்தேடி அழித்திருக்கிறார்கள். இப்படிச் சிதறிய பிறகு ஒரு படம் ஒரு நாட்டில் கிடக்கும், அதன் கதை இன்னொரு நாட்டில் யாரோ மாட்டிய படத்தின் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது அழிந்தே போயிருக்கும்.

அடுத்த முறை நடுப்பக்கத்தை ஒதுக்குங்கள். ஒரு பக்கம் முழுக்கப் படம், எதிர்ப்பக்கம் தமிழில் அந்தக் கதை. அப்புறம், மடிப்பு படத்தின் மேல் விழாமல் அச்சகத்தில் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைண்டர் ஒருவர்