சால்ட் அனாலிசிஸில் வெறும் தண்ணீருக்கும் ஒரு சோதனைக்குழாய் கொடுங்கள்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் செய்முறை நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சால்ட் அனாலிசிஸ், அதாவது பெயர் தெரியாத உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் செய்முறை, பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிகளிடம் குளோரைடு சோதனையைக் கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள்: சில்வர் நைட்ரேட், தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு (கரைசலிலிருந்து பிரிந்து படியும் திடப்பொருள்), அம்மோனியாவில் கரையும். சரி, அதற்கு முன்னால் நீர்த்த நைட்ரிக் அமிலம் எதற்கு என்று கேட்டால் பலருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

அமிலம் சேர்க்காவிட்டால் கார்பனேட்டும் சில்வரோடு சேர்ந்து வெளிர் நிறத்தில் வீழ்படியும். அவசரத்தில் பார்ப்பவர் குளோரைடு என்று எழுதிவிடுவார். நைட்ரிக் அமிலம் அந்தக் கார்பனேட்டைக் கார்பன் டைஆக்சைடாக முன்பே வெளியேற்றிவிடுகிறது. அதற்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கதை கந்தல். நாமே குளோரைடைப் போட்டு நாமே கண்டுபிடிக்கிறோம். ஆனால் சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு சேர்க்கும்போது அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் சரி. அங்கே ஊற்றக்கூடாதது கந்தக அமிலம், அதிலேயே சல்பேட் இருக்கிறது. எந்த அமிலம் எங்கே என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, காரணம் தெரிந்தால்.

மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தூய உப்பைக் கொடுக்கிறோம். நீலமாக இருந்தால் காப்பர் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. அப்புறம் விடையிலிருந்து பின்னோக்கி ரெக்கார்டு நோட்டு எழுதப்படுகிறது. சோதனை பொய் சொல்லும் இடத்தை அவர்கள் பார்த்ததே இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சோதனையையும் காய்ச்சி வடித்த நீரிலும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசிய சோதனைக்குழாயில் குளோரைடு சோதனையைச் செய்தால் வெறும் நீரிலேயே வெண்மையாகக் கலங்கும். கழுவுவது ஏன் முக்கியம் என்று அதன்பிறகு பாடம் எடுக்க வேண்டாம். அம்மோனியம் சோதனையில் அம்மோனியா வாயுவைப் பார்க்க நீட்டும் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் குழாயின் உட்சுவரில் பட்டாலும் நீலமாகும், அங்கே ஒட்டியிருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடால். சுடர் சோதனைக் கம்பியை விரலால் தொட்டுவிட்டால் வியர்வை உப்பின் சோடியமே மஞ்சளாக எரிந்து பொட்டாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும். இவற்றை வேண்டுமென்றே ஒரு வகுப்பில் செய்து காட்டலாம்.

ஒருநாள் வீட்டு போர்வெல் தண்ணீரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாமே கலங்கும். 'உண்டு' என்பதற்கும் 'எவ்வளவு' என்பதற்கும் உள்ள தூரம் அப்போது புரியும். இந்தியத் தர நிர்ணயத்தின் (ஐஎஸ் 10500) படி குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1000 வரை. அந்த எண்ணைச் சொல்ல வீழ்படிவைப் பார்ப்பது போதாது, தரம்பார்த்தல் (செறிவு தெரிந்த கரைசலை அளந்து சேர்த்து அளவைக் கணக்கிடுவது) வேண்டும். இப்படிக் கரைசலின் பருமனை அளந்து செய்யும் பருமனறி பகுப்பாய்வுக்குள் நுழைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சில்வர் நைட்ரேட் விலை அதிகம் என்பது உண்மைதான். சில துளிகளே போதும். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேருங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உப்பின் பெயரைச் சரியாகச் சொன்ன மாணவரிடம், "இந்த அமிலத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால் என்ன தவறாக எழுதியிருப்பாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு தண்ணீர்ப் பரிசோதகர்