அரைப் போத்தல் அளவான குடியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

"நான் அளவாத்தான் குடிக்கிறனான்" என்று என் அண்ணா சொல்லாத நாளில்லை. அவருடைய அளவு, இரவில் அரைப் போத்தல் சாராயம். அதாவது 375 மில்லிலீற்றர். நம் சாராயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுசாரம்; கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 125 மில்லிலீற்றர், அதாவது நிறையில் ஏறக்குறைய 100 கிராம் மதுசாரம் உள்ளே போகிறது. ஒரே தடவையில் 60 கிராமோ அதற்கு மேலோ குடித்தால் அது மிதமிஞ்சிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். தள்ளாடாமல் வீடு வந்து சேர்ந்தால் அளவோடு குடித்ததாக இங்கே பலர் நினைக்கிறார்கள். பழகிய உடம்பு தள்ளாடாது, ஈரல் மட்டும் கெட்டுக்கொண்டே போகும். போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, சாராயக் கடையை மூடுவது சரி. அதோடு, ஒவ்வொரு போத்தலிலும் எத்தனை கிராம் மதுசாரம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.

ஒரு வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13