ஷெனோன்சோவை விட்டுவிடாதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. ஜூனில் மகளைப் பார்க்க பாரீஸ் போகும்போது லுவார் நதிப் பள்ளத்தாக்கின் கோட்டைகளில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். நாங்கள் போய்வந்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எல்லாரும் முதலில் ஷாம்போருக்குத்தான் போகச் சொல்வார்கள். 1519இல் பிரான்ஸ் ராஜா முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கியது. நானூறுக்கும் மேல் அறைகள். நடுவே இரண்டு சுருள் படிக்கட்டுகள் பின்னிக்கொண்டு மேலே போகின்றன. ஒன்றில் ஏறுகிறவரும் மற்றதில் இறங்குகிறவரும் திறப்புகள் வழியே பார்த்துக்கொள்ளலாம், எதிர்ப்படவே மாட்டார்கள். அசந்துபோனேன். ஆனால் அந்த ராஜா அங்கே தங்கியது மொத்தமே சில வாரங்கள்தான். வேட்டைக்கு வந்துபோகிற இடம். மனிதர் வாழ்ந்த வீடாக எனக்குப் படவில்லை.

ஷெனோன்சோ அப்படியல்ல. ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அங்கேயே இரு. லுவாரில் கலக்கும் ஷேர் நதியின் மேலேயே நிற்கிறது. அதைக் கட்டும்போது கூடவே நின்று பார்த்துக்கொண்டவள் கத்ரீன் பிரிசொனே. கணவர் அரசரின் நிதி அதிகாரி, இத்தாலியப் போர்களோடு போய்விடுவார். பிறகு ராஜா இரண்டாம் ஆன்ரி அதைத் தன் காதலி தியானுக்குக் கொடுத்தார். அக்கரைக்குப் பாலம் போட்டது அவள்தான். 1559இல் குதிரைப் போட்டியில் அடிபட்டு ராஜா இறந்ததும், அவர் மனைவி ராணி கத்ரீன் த மெதிசி ஷோமோன் கோட்டையை மாற்றாகக் கொடுத்து தியானை வெளியேற்றினாள். அதோடு விடவில்லை. சக்களத்தி போட்ட பாலத்தின் மேலேயே அறுபது மீட்டர் நீளத்துக்கு ஒரு விருந்துக்கூடம் எழுப்பினாள்!

நான் நெடுநேரம் நின்றது அந்தக் கூடத்தில்தான். முதல் உலகப் போரில் அங்கே வரிசையாகக் கட்டில் போட்டு, காயம்பட்ட சிப்பாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவம் பார்த்திருக்கிறார்கள். அப்போதைய உரிமையாளர் மெனியே, சாக்லேட் தொழில் செய்த குடும்பம், செலவெல்லாம் அவர்களுடையது. இரண்டாம் உலகப் போரில், 1940இல், ஷேர் நதியே எல்லைக்கோடு ஆகிவிட்டது. முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில். கூடத்தின் தெற்குக் கதவைத் தாண்டினால் அவர்கள் பிடிக்காத பகுதி. பலர் அந்த வழியாகத்தான் உயிர் தப்பியிருக்கிறார்கள். ராணிகளின் பொறாமையைப் பற்றி வழிகாட்டிகள் எவ்வளவோ பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கதவுதான் பெரிது. தொட்டுப் பார்த்தேன்.

பக்கத்து ஊர் அம்புவாஸுக்கு அரை நாள் போதும். லியனார்தோ தா வின்சி கடைசி மூன்று வருடம் இருந்த வீடு அங்கே இருக்கிறது; அந்த ஊர்க் கோட்டைக்குள் சின்னத் தேவாலயத்தில் அவர் கல்லறை.

தங்குவதற்கு தூர் நகரம் வசதி. பாரீஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து ஷெனோன்சோவுக்கு உள்ளூர் ரயிலில் அரை மணி. நிலையம் கோட்டை வாசலுக்குப் பக்கத்திலேயே, உன் மூட்டுக்குச் சிரமமில்லை. காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடு, பிறகு பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்துவிடும்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. நாங்கள் தங்கிய விடுதியின் விலாசம் அனுப்புகிறேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி