மைக்ரோ ஸ்கூலில் பிள்ளையைச் சேர்க்கவிருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வகுப்புக்கு நாற்பது பேர், வாரத்துக்கு ஒரு டெஸ்ட், மூன்றாம் வகுப்பிலேயே டியூஷன் என்று சலித்துப்போய், பதினைந்து பிள்ளைகள் மட்டும் படிக்கும் சிறுபள்ளி (மைக்ரோ ஸ்கூல்) ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஓட்டு வீடு, வேப்பமரம், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசும் ஆசிரியர். பிடிக்கத்தான் செய்யும். நாங்கள் அப்படிப்பட்ட பள்ளிகளில் பாடம் எடுப்பவர்கள். அங்கிருந்து வெளியே வரும் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பவர்களும் எங்களில் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இரண்டை மட்டும் விடாமல் பார்த்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்: பிள்ளைகளின் கணக்கு நோட்டு, பிறகு பள்ளியின் காகிதங்கள்.

அரைமணி நேரம் சுற்றிக் காட்டினால் ஒன்றும் தெரியாது. காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பன்னிரண்டரை வரை ஒரு மூலையில் உட்காருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, ஜூன் மாதப் பக்கத்தையும் கடைசியாக எழுதிய பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 503-இலிருந்து 267-ஐக் கழிக்கச் சொன்னால் 364 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறார்கள்: ஏழில் மூன்று போனால் நான்கு, ஆறில் பூஜ்ஜியம் போனால் ஆறு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. இது கவனக்குறைவு இல்லை. பத்தில் கடன் வாங்கப் போனால் அங்கே பூஜ்ஜியம். அதனால் நூறை உடைத்துப் பத்துப் பத்துகளாக்கி, அந்தப் பத்துகளில் ஒன்றை மறுபடி உடைக்க வேண்டும். அந்த இடம் பிள்ளைக்குப் பிடிபடவில்லை. நாற்பது பேர் வகுப்பில் சிவப்பு மையில் தப்புக் குறி போடத்தான் நேரம் இருக்கும். பதினைந்து பேர் வகுப்பில், பக்கத்திலேயே குச்சிக்கட்டு வரைந்து பிரித்துக் காட்டிய தடமும், நாலு நாள் கழித்து 402 − 158 கொடுத்துப் பார்த்த தடமும் இருக்க வேண்டும். அது இல்லாத பள்ளியில் பதினைந்து பேர் என்ற எண்ணிக்கையால் உங்கள் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை.

“எங்களிடம் நோட்டே கிடையாது, செய்து பார்த்துத்தான் கற்கிறார்கள்” என்று சில பள்ளிகளில் சொல்வார்கள். சொல்லட்டும். ஆசிரியர் எதில் எழுதி வைக்கிறார் என்று கேளுங்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துக் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. நம் ஈராசிரியர் பள்ளிகள் எல்லாம் அதைத்தான் செய்கின்றன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் ஓர் ஏணிப் படமும் அட்டைகளும் இருந்தன. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். அப்படி ஏதோ ஓர் ஏணி இல்லாத கலப்பு வகுப்பில் பெரிய பிள்ளைகள் சின்னவர்களை மேய்த்துக்கொண்டிருப்பார்கள், சின்னவர்கள் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். கிணற்றின் ஆழத்தை அளப்பது அருமையான பாடம். ஆனால் அதனால் ஏழாம் வாய்ப்பாடு தானாக வந்துவிடாது. வாசிப்பும் அப்படித்தான், தினமும் இருபது நிமிடம் வாய்விட்டுப் படித்தால்தான் சரளமாகும்.

வயதுக் கணக்கையும் கேளுங்கள். பதினைந்து பேரில் உங்கள் மகளின் வயதுக்கு ஓராண்டு முன்பின்னாக எத்தனை பேர்? மூன்று பேராவது வேண்டும். பதினோரு வயதில் தனியாக ஒரே பெண்பிள்ளையாக இருந்தால், எவ்வளவு நல்ல ஆசிரியர் இருந்தாலும் அடுத்த ஆண்டு அவளே “வேற ஸ்கூலுக்குப் போறேன்மா” என்பாள்.

கட்டணம் எப்படி வருகிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு, இரண்டு ஆசிரியர்களுக்கு ஆளுக்கு 22,000 ரூபாய் சம்பளம், வாடகை 15,000, மற்ற செலவுகள் 11,000 என்றால் மாதம் 70,000, ஆண்டுக்கு 8,40,000. பதினைந்து பேர் இருந்தால் ஆளுக்கு 56,000. மூன்று குடும்பம் ஊர் மாறிப் போனால் மீதிப் பன்னிரண்டு பேருக்கும் அது 70,000 ஆகிவிடும். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் விலகுவார்கள். சிறுபள்ளிகள் நடு ஆண்டில் மூடப்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கொள்கை முரண்பாடு அல்ல. “ஆறு மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு உண்டா?” என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல பள்ளி கோபித்துக்கொள்ளாது. கூடவே, பிள்ளையோடு ஒரே பெரியவர் மட்டும் தனியாக இருக்கும் நேரம் நாளில் எது என்றும் கேளுங்கள். இரண்டாவது ஆசிரியர் லீவு போட்டால் என்ன ஏற்பாடு? ஆள் குறைந்த இடத்தில் இந்தக் கேள்வியை விடவே கூடாது.

இனிக் காகிதங்கள். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18-ஆம் பிரிவுப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதம் நடத்துபவருக்கு, பெற்றோருக்கு அல்ல. ஆனால் பள்ளியை மூடினால் நடுத்தெருவில் நிற்பது உங்கள் பிள்ளை. அதனால் ‘பள்ளி’ என்ற பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: அங்கீகாரமா, அறக்கட்டளைப் பதிவு மட்டுமா? அறக்கட்டளைப் பதிவு வேறு, பள்ளி அங்கீகாரம் வேறு. ‘கற்றல் மையம்’ என்றால் அங்கே தரும் சான்றிதழை டிசியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பதினான்கு வயது வரை திரும்பி வரக் கதவு திறந்திருக்கிறது. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. எட்டாம் வகுப்பு தாண்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்புறம் இருப்பவை தேர்வு வழிகள்தான். பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் தேர்வு மட்டும் எழுதுபவராக, எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதலாம். அதன்பின் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டு ஓராண்டை இழப்பவர்கள் ஏராளம்.

இன்னொரு வழி என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். குறைந்தது ஐந்து பாடம். பதிவு ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுத வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம் என்பது மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். பிழை நேர்வது பாடத் தேர்வில். கணக்கு வேண்டாம், ஓவியமும் மனையியலும் போதும் என்று பிள்ளை சொல்லும், என்.ஐ.ஓ.எஸ்.ஸும் தடுக்காது. இரண்டு ஆண்டு கழித்து அதே பிள்ளை பாலிடெக்னிக் போக ஆசைப்பட்டால், கணக்கும் அறிவியலும் எங்கே என்று கேட்பார்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. சிறுபள்ளி நடத்துபவர்கள் பலருக்கே இது தெரியாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே பார்க்கிறது. அரசு வேலையில் தமிழ்வழிப் படித்தோருக்கான 20 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கும் பள்ளியிலிருந்து சான்று வேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து ஆறு, ஏழு, எட்டு மட்டும் சிறுபள்ளியில் படிக்கவைத்துவிட்டு ஒன்பதில் திருப்பிச் சேர்க்கும் குடும்பம், தெரியாமலே இவற்றை விட்டுக்கொடுக்கிறது. கையில் வசதி குறைந்த வீடு என்றால், சிறுபள்ளியை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வோம். படிக்கக் கற்கும் வயதில்தான் ஆசிரியரின் அண்மை அதிகம் தேவைப்படுகிறது. அந்த ஐந்து ஆண்டில் அது கிடைத்துவிட்டால் பிறகு நாற்பது பேர் வகுப்பிலும் பிள்ளை தன் காலில் நிற்கும்.

இப்போதைய பள்ளியில் டிசி வாங்கும் அன்றே பள்ளிக் கல்வித்துறைப் பதிவேட்டில் பிள்ளைக்குரிய அடையாள எண்ணான எமிஸ் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி உங்கள் பிள்ளையின் பெயரை ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிடும். அங்கீகாரமில்லாத மையம் அதை அங்கிருந்து எடுக்க முடியாது, பெயர் அங்கேயே கிடக்கும். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் ஆசிரியர் ஒருநாள் உங்கள் வாசலுக்கு வருவார். அவரிடம் மறைக்காதீர்கள். பிள்ளை எங்கே படிக்கிறது, எந்த வகுப்பில் திரும்பச் சேர்க்க உத்தேசம் என்று சொல்லி, அவருடைய போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். திரும்பச் சேர்க்கும் ஜூன் மாதத்தில் முதலில் உதவக்கூடியவர் அவர்தான்.

அன்புடன்,
சிறுபள்ளி, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்