மழையை வெட்டச் சொன்னவனுக்கு

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

டேய் கதிர்,

போன தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் செய்தியைப் பாதிதான் கேட்டேன். உன் மகன் நடுவில் புகுந்து வெடிச்சத்தம் போட்டதும் சிரித்துவிட்டு, மிச்சத்தை அப்புறம் கேட்கலாம் என்று வைத்தவன் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது அடுத்த தீபாவளிக்கே சிராங்கூன் ரோட்டில் விளக்கு போட்டாகிவிட்டது. திட்டு. திட்டி முடித்ததும் மேலே படி, இன்றைக்கு இதை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பேச்சு புளித்துப்போய்விட்டது.

அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி நலம். அக்கா செங்காங் பக்கம் வீடு மாறிவிட்டாள். நம் கூட்டாளி 'சட்டை' அதே வங்கியில் அதே சட்டையோடு இருக்கிறான். அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

விஷயம் கேம். ஆமாம், அப்பா கடையை வைத்து நான் செய்யும் அந்தக் கணினிக் கேம்தான், நீ 'மாமாக்கடை சிமுலேட்டர்' என்று கிண்டல் செய்வாயே, அதில் வரும் மழைக்காட்சியை வெட்டச் சொன்னாயே, அது. முதல் இரண்டு அத்தியாயத்தோடு மார்ச்சில் ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் ஏற்றினேன், வேலை முடியாத நிலையிலேயே விற்கலாம் என்று ஒரு ஏற்பாடு அங்கே 2013லிருந்து இருக்கிறது. இதுவரை 1,900 பேர் வாங்கியிருக்கிறார்கள். கேட்டதும் நீ விசிலடிப்பாய் என்று தெரியும், கொஞ்சம் பொறு. அதில் 310 பேர் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

விலை பத்து அமெரிக்க வெள்ளி, ஒரு காசு குறைவு. அதில் 30 விழுக்காடு தளத்துக்கு, ஏழு மிச்சம். அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வருமான வரி ஒப்பந்தம் கிடையாது, அதனால் அந்த ஊர்க்காரன் வாங்கினால் என் பங்கிலும் 30 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள், கைக்கு வருவது 4 வெள்ளி 90 காசு. நீ கோவையில் உட்கார்ந்து இதையே செய்திருந்தால் 15 விழுக்காடுதான் பிடிப்பார்கள், வயிற்றெரிச்சல். சரி, காசுக்கணக்கு போதும், நான் புலம்ப வந்தது அதற்கில்லை.

காசைத் திருப்பிக் கேட்கிறவர்கள் காரணம் எழுதலாம், அது எனக்கு வந்து சேரும். அதைத்தான் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து படிக்கிறேன், படிக்காதே என்று மனைவி சொல்லச் சொல்ல. 'போரடிக்கிறது.' 'கடைக்காரர் ஏன் ஓடமாட்டேன் என்கிறார்?' 'எதுவும் நடக்கவில்லை.' ஒருவர் 'தவறுதலாக வாங்கிவிட்டேன்' என்று எழுதியிருந்தார். தவறுதலாக வாங்கி, தவறுதலாக ஒரு மணி 52 நிமிடம் விளையாடியிருக்கிறார் மனுஷர்! விதி உனக்குத் தெரியுமே, வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் கேள்வியே இல்லாமல் காசு திரும்பிவிடும். எட்டு நிமிடம் மிச்சம் வைத்துக் கிளம்பியவரின் கைக்கடிகாரத்தை நான் மெச்சத்தான் வேண்டும்.

இவர்களைக்கூட விட்டுவிடலாம். இன்னொரு கூட்டம் இருக்கிறது, 20 மணி நேரம், 40 மணி நேரம் விளையாடிவிட்டு மூன்றாம் அத்தியாயம் ஏன் இன்னும் வரவில்லை, காசைக் கொடு என்கிறவர்கள். இவர்களுக்குத் தளம் கொடுக்காது, அதனால் நேராக என்னிடம் வருவார்கள். காசு என் கையில் இல்லை, என்னால் திருப்பித் தரவே முடியாது, அந்தப் பொத்தான் எனக்கு இல்லை என்று எத்தனை முறை எழுதினாலும் நான் ஏதோ கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் மூன்றாம் அத்தியாயம் என்று நான் வாக்குக் கொடுத்தது உண்மை. ஆகஸ்ட் நடுவில் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி இருப்பதும் எனக்கு முன்னாலேயே தெரியும், இரண்டு வாரம்தானே, சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நீ தப்பித்தாய், உனக்கு இது புரியாது: லிம் சூ காங் காட்டில், முப்பத்தைந்து வயதில், தொப்பையோடு, துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஈரச் சேற்றில் படுத்துக்கிடந்தேன். மேலே கொசு, கீழே எறும்பு, போனில் சார்ஜ் இல்லை. வெளியே வந்து போனைச் செருகினால் 63 செய்தி. ஒரே ஆள் 17 அனுப்பியிருந்தான். முதல் செய்தி மரியாதையாக, 'வணக்கம், புதிய அத்தியாயம் எப்போது?' ஐந்தாவதில் 'பதில் சொல்லக்கூட நேரமில்லையா?' பன்னிரண்டாவதில் 'காசைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டாய், எல்லோருக்கும் சொல்கிறேன்.' பதினேழாவது வெறும் கேள்விக்குறி.

உட்கார்ந்து நிதானமாக எழுதினேன், எங்கள் நாட்டில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி உண்டு, அதற்குப் போயிருந்தேன், மன்னிக்கவும், ஐந்து வாரம் தாமதமாகும் என்று. அவன் பதில் என்ன தெரியுமா? 'நீ சிப்பாயா, கேம் செய்கிறவனா? முதலில் முடிவு செய்.' அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் கை நடுங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2021 ஆகஸ்டில் எமிக்கா கேம்ஸ் என்ற பெயரில் தனியாளாகச் செய்துகொண்டிருந்த ஒருவர் இந்தத் தொழிலையே விட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கப்போகிறேன் என்று அறிவித்தார், ஞாபகம் இருக்கிறதா? 'சம்மர் ஆஃப் 58' என்ற பேய்க் கேம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நிறையப் பேர் முழுசாக முடித்து, பிடித்திருக்கிறது என்றும் எழுதிவிட்டு, காசையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது நீயும் நானும் என்ன பேசினோம்? 'மூன்று மணி நேரத்துக்குச் செய்திருக்கலாமே' என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

நீ இப்போது என்ன கேட்பாய் என்று தெரியும். அப்படியென்றால் ரீஃபண்டே கூடாதா? அதுதானடா சிக்கல், அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2014ல் இங்கே சிம் லிம் ஸ்குவேர் கடைவளாகத்தில் ஒரு வியட்நாம் சுற்றுலாப்பயணி ஐபோன் வாங்கிவிட்டு, கடைக்காரர்கள் மேலே மேலே காசு கேட்டதும், மண்டியிட்டு அழுதபடி கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டாரே, அந்த வீடியோவை நாம் சேர்ந்துதான் பார்த்தோம், நீ அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஸ்டீமிலும் 2015 ஜூனுக்கு முன்னால் இப்படி ஒரு வழி கிடையாது. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014லேயே அவர்கள் மேல் வழக்குப் போட்டு, 2016ல் நீதிமன்றம் 3 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி அபராதம் விதித்தது. வாங்குகிறவன் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டு மணி நேர விதியால்தான் பெயர் தெரியாத ஒருவனின் கடைக் கேமை 1,900 பேர் துணிந்து வாங்கினார்கள் என்றும் நினைக்கிறேன்.

அதோடு நமக்குப் பேச யோக்கியதை இருக்கிறதா என்ன? பாலிடெக்னிக் முதல் வருடத்தில் 170ஆம் எண் பஸ் பிடித்து ஜோகூர் போய், இரண்டாம் மாடியில் ஐந்து ரிங்கிட்டுக்குத் திருட்டு சிடி வாங்கி, வீட்டில் போட்டால் ஓடவில்லை என்று அடுத்த வாரம் திரும்பப் போய் அந்தச் சீனப் பெரியவர் ஆ பெக்கிடம் காசு கேட்டாயே. அவர் சிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டையில் துடைத்து, உன் கையிலேயே திரும்பக் கொடுத்தார் பார், அந்த முகத்தை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். திருட்டுப் பொருளுக்கு ரீஃபண்டு கேட்டவர்கள் நாம்.

கடையில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் நினைத்துக்கொள்கிறேன். மூன்றாம் மாடி மலாய்க்கார அம்மா, மக்சிக், ஒருமுறை பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து நமுத்துப்போயிருக்கிறது என்றார், டின்னில் பாதிதான் இருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் கயிற்றில் தொங்கிய காசு டின்னை இழுத்து, முழுக்காசையும் எண்ணிக் கொடுத்தார். நான் குதித்தேன். 'நாளைக்கு அரிசிக்கு இங்கதானே வரணும்' என்றார். கடன் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே இருந்த கணக்கை அன்றைக்குக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஆறுதலாக இல்லை. மக்சிக் மறுநாள் வந்தார். எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஒஹாயோக்காரன் எதற்கு என் கடைக்கு மறுபடி வரப்போகிறான்?

சரி, இப்போது நீ காத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். மழை.

யார் எந்த நிமிடத்தில் வெளியேறுகிறார்கள் என்று கேமுக்குள்ளேயே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இத்தனை நாள் அதைத் திறக்கவில்லை. போன செவ்வாய் திறந்தேன். வரைபடத்தில் கோடு நன்றாகத்தான் போகிறது, காலை வியாபாரம், பள்ளிப் பிள்ளைகள், ஐஸ் குச்சி வாங்க வரும் பையன், எல்லோரும் இருக்கிறார்கள். முப்பத்தோராவது நிமிடத்தில் படிக்கட்டிலிருந்து உருண்டதுபோல் விழுகிறது. முப்பத்தோராவது நிமிடத்தில் என்ன? கடைக்காரர் கித்தானை இறக்கிவிட்டு முக்காலியில் உட்காருகிறார். பதினோரு நிமிடம் மழை.

'வெட்டுடா, மூன்று நிமிடம் போதும்' என்று நீ சொன்னாய். ரசனை கெட்டவன் என்று உன்னைச் சொன்னேன், ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தேன் இல்லையா. அந்த மழையில் நீயும் அங்கே உட்கார்ந்திருந்தவன்தானே என்பதுதான் என் கோபம். மேல்மாடிகளில் மூங்கில் கழியில் துணி நனையும், எங்கேயோ ஒரு பாட்டி ஹொக்கியன் சீனத்தில் கத்துவார், வானொலி கரகரக்கும், கித்தானின் நுனியிலிருந்து தண்ணீர் சாக்கு மேல் சொட்டச் சொட்ட அப்பா காலால் சாக்கை உள்ளே தள்ளுவார். மாலை வியாபாரம் போயிற்று என்று தெரிந்தும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். இந்த நிம்மதி வேண்டுமென்றால் கை சும்மா இருக்க வேண்டும், அதனால்தான் விளையாடுகிறவனுக்கு எந்தப் பொத்தானும் கொடுக்காமல் விட்டேன்.

ஆனால் புதன்கிழமை அந்த இடத்தை நானே விளையாடிப் பார்த்தேன், யாரோ செய்தது என்று நினைத்துக்கொண்டு. நான்காவது நிமிடத்தில் என் கை போனை எடுத்துவிட்டது. எடுத்தது தெரியாமலே எடுத்துவிட்டேன், கதிர். 310 பேரைப் பொறுமை இல்லாதவர்கள் என்று எட்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. பதினேழு செய்திக்காரன் பதினேழு செய்திக்காரன்தான். மழையும் மூன்று நிமிடம் ஆகாது. அதை ஏழாகக் குறைத்தேன், அந்த ஏழு நிமிடத்தில் செய்ய ஒரே ஒரு வேலை வைத்தேன், சாக்கைக் காலால் தள்ளலாம். தள்ளாவிட்டால் நனையும், நனைந்தால் அடுத்த நாள் அரிசி விலை கொஞ்சம் குறையும். யாரிடமும் அதைச் சொல்லித்தரப்போவதில்லை, தண்ணீர் சொட்டுகிற சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

பிடித்திருக்கிறது என்று சொல்லும் விமர்சனம் இப்போது 69 விழுக்காட்டில் நிற்கிறது, 70 தொட்டால் ஸ்டீம் ஒட்டியிருக்கும் 'கலவை' என்ற முத்திரை போய்விடும். மூன்றாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை ஏறுகிறது. அதற்கு முன்னால் உனக்குக் கேமைத் திறக்கும் ஒரு சாவி எண் அனுப்புகிறேன், இலவசம், காசைத் திருப்பிக் கேட்க முடியாது. மகனைத் தூங்கவைத்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு விளையாடு. நன்றாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் எழுதாதே. சாக்கை எந்த நிமிடத்தில் தள்ளினாய் என்று மட்டும் எழுது.

உன்
ஒட்டடை